களியுள் அடைபட்ட உயிர்ச்சத்து: மாத்தளைப் பெருந்தோட்டங்களின் உணவு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கூலி, குடியுரிமை, வாக்குரிமை, தொழிற்சங்கம் ஆகிய நான்கினையே மையமாகக் கொண்டனர். அதில் வியப்பில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே தலையெண்ணிப் பங்கிடப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றாசிரியன் வேறெதனை முதலில் எழுதுவான்? ஆயினும், உழைப்பாளியின் உடல் நாள்தோறும் எதனைக் கொண்டு மீளாக்கம் பெற்றது என்னும் வினா இந்நான்கிற்கும் அடியில் நிற்பது. அவ்வினாவின் ஒரு சிறு கூற்றினை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கொழுப்பிற் கரையும் உயிர்ச்சத்துக்களை, சிறப்பாக விற்றமின் ஏயினை, உண்ணத்தகு களிப் பொருள்களுள் அடைத்து, உடலினுள் வேண்டிய இடத்தில் வேண்டிய வேகத்தில் விடுவிக்கும் தொழில்நுட்பம் இன்று உணவு விஞ்ஞானத்தின் விரிந்ததொரு துறையாகும். அத்துறையின் வரலாற்றையும் மாத்தளை மாவட்டத் தோட்டங்களின் உணவு வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவதே எமது முயற்சி.

இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அலுவல் என வினவுவோர் இருக்கலாம். மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகியோர் இம்மண்ணிலிருந்து எழுதிய கதைகளையும், சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த தோட்டத்துப் பாடல்களையும் கற்பிக்கப் புகும் எவரும் அரிசி, கஞ்சி, ரொட்டி, தேத்தண்ணீர் என்னும் சொற்களைத் தாண்டிச் செல்லல் இயலாது. அச்சொற்களின் பின்னாலுள்ள பொருளியலை அறியாது அவற்றை வெறும் ‘மண்வாசனை’யாகக் கொள்வது விமரிசனமாகாது.

முதலிற் பொருளின் இயல்பை நோக்குவோம். 1913இல் ஐக்கிய அமெரிக்காவில் மக்கொலம், டேவிஸ் ஆகிய இருவரும், அவர்களைச் சாராது தனித்து ஆய்ந்த ஒஸ்போண், மெண்டல் ஆகிய இருவரும், வெண்ணெயில் உள்ளதும் பன்றிக் கொழுப்பில் இல்லாததுமான ஒரு பொருளின்றி எலிக்குஞ்சுகள் வளரா எனக் கண்டனர். பின்னர் விற்றமின் ஏ எனப் பெயர்பெற்ற அப்பொருளின் மூலக்கூற்று அமைப்பினை 1931இல் சூரிச் நகரில் காரர் வகுத்தார். அது நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். ஒளியும் ஒட்சிசனும் உலோக அயன்களும் அதனைச் சிதைக்கும். கொழுப்போடு சேர்ந்தே அது குடலில் உறிஞ்சப்படும். உறிஞ்சப்பட்டபின் ஈரலில் மாதக்கணக்கிற் சேமிக்கப்படும். இது குறையுமிடத்து அந்திக்குப் பின் பார்வை மங்கும். தமிழ் இதனை மாலைக்கண் என்றது. குறை முற்றினால் விழிவெண்படலம் வறண்டு, கருவிழி கரைந்து, குழந்தை மீளாக் குருடாகும். கண்ணுக்கு வருமுன்னரே தொற்றுநோய்களை எதிர்க்கும் ஆற்றல் குன்றுவதும் உண்டு. நோயாளிக்கு விலங்கின் ஈரலை உண்பிக்கும் வழக்கம் பல நாடுகளின் பழைய மருத்துவத்தில் காணப்படுவது இக்கண்டுபிடிப்புக்கு நெடுங்காலம் முந்தியது.

இத்தகைய பொருளை மாவிலோ பாலிலோ நீருணவிலோ கலப்பதெப்படி? எண்ணெயும் நீரும் சேரா. சேர்த்தாலும் காற்றுப் பட்டதும் கெடும். இங்கேதான் களி வருகின்றது. திரவமுமன்றித் திண்மமுமன்றி, நீளிழை மூலக்கூறுகள் பின்னிய வலையினுள் நீரைப் பிடித்து நிற்கும் நிலையை விஞ்ஞானிகள் ஜெல் என்பர். கேப்பைக்களியும் நோன்புகாலத்தில் முஸ்லிம் இல்லங்களிற் செய்யப்படும் கடற்பாசியும் அந்நிலையையே அடுக்களையிற் காட்டுவன. உயிர்ச்சத்துக் கரைந்த எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கி, ஜெலற்றின், பாற்புரதம், கடற்பாசியின் அல்ஜினேற்று முதலியவற்றாலான வலையினுள் அடைத்துவிட்டால் ஒட்சிசன் எளிதில் அணுகாது. எண்ணெய் நீரோடு முரண்படாது. வலையின் இறுக்கத்தை மாற்றி விடுவிப்பின் வேகத்தையும் மாற்றலாம். கல்சியம் சேர்த்து உறைவித்த அல்ஜினேற்று மணி இரைப்பையின் அமிலத்தில் சுருங்கி இறுகும். சிறுகுடலின் அமிலமற்ற சூழலில் வீங்கித் தளரும். அப்பொழுது வெளிப்படும் எண்ணெயைக் கொழுப்புடைக்கும் நொதிகளும் பித்தமும் தாக்கும். உயிர்ச்சத்துக் குடற்சுவரைச் சேரும். கட்டுப்படுத்தப்பட்ட விடுவிப்பு என்பதன் சாரம் இதுவே.

இந்நுட்பத்தின் தோற்றம் மருந்துக்கடையில் நிகழ்ந்தது. 1834இல் பரிசில் மோத், டுப்லான் என்னும் இருவர் ஜெலற்றின் உறைக்குக் காப்புரிமை பெற்றனர். குமட்டும் சுவையுடைய ஒரு மரப்பிசினை நோயாளி விழுங்கச் செய்வதே அதன் நோக்கம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், 1933இல், டெற்றொயிற் நகரில் ஷெரர் என்பார் அமைத்த சுழல் அச்சு இயந்திரம் எண்ணெய் நிறைந்த மென்னுறைகளை ஓயாது ஈன்றது. இடையே, 1929இல், ஜெலற்றினும் கருவேலம் பிசினும் கரைசலிற் கூடித் துளிகளைச் சூழ்ந்து படியும் நிகழ்வை ஒல்லாந்தரான புங்கன்பேக் டி யொங் விளக்கினார். தொழிற்சாலையிற் பிணக்கின்றி நுழைந்த ஜெலற்றின், விலங்கின் எலும்பிலும் தோலிலும் பெறப்படுவதால், சைவருக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு காரணங்களால் உறுத்தலைத் தருவது என்பதையும் குறித்துச் செல்லலாம். கற்பிட்டி, யாழ்ப்பாணக் கடனீரேரிகளின் கஞ்சிப்பாசி ‘சிலோன் பாசி’ என்னும் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருந்து நூல்களில் இடம்பெற்றது. களி தரும் மூலப்பொருள் இந்நாட்டில் இருந்தது. அதனை உறையாக்கும் தொழில் இங்கு எழவில்லை. மூலப்பொருளை ஏற்றுமதி செய்து முடிபொருளை இறக்குமதி செய்யும் குடியேற்றநாட்டுப் பொருளாதாரத்தின் பொதுவிதிக்கு இஃது ஒரு சிறு சான்று.

இனி மாத்தளைக்கு வருவோம்.

தமிழகத்தின் தென்கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து வந்தடைந்த முதற் பெருநகர் மாத்தளை. வடபாதை என அறியப்பட்ட இவ்வழியில் கொலராவாலும் பட்டினியாலும் மாண்டோரின் தொகை பற்றி அக்காலப் பத்திரிகைகளே சர்ச்சையிட்டன. எமக்கு இங்கு வேண்டுவது தொகையன்று. 1880இல் இருப்புப்பாதை மாத்தளையை எட்டுமுன் இந்நகரை அடைந்த உழைப்பாளி, வழியிலேயே உடலின் இருப்பைச் செலவிட்டு வந்தவன் என்பதே. ஈரலின் சேமிப்பும் அவ்விருப்பில் அடங்கும்.

அவன் வந்து சேர்ந்த நிலம் எத்தகையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புச் சட்டம், உறுதியில்லாத காட்டையும் சேனையையும் அரசின் உடைமையென அனுமானித்தது. கண்டிய விவசாயி மாடு மேய்த்த வெளிகளும் சேனை செய்த மேட்டுநிலங்களும் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டத்துள் நுழைந்த மாடுகளைப் பற்றிய வழக்குகள் துரைமாருக்கும் ஊராருக்குமிடையே நெடுங்காலம் தொடர்ந்தன. 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு வரிகள் உடனடிக் காரணம். நிலம் அதன் அடிக்காரணம். மேய்ச்சல் நிலம் போனமை பாலும் நெய்யும் போனமையாகும் என நாம் கருதுகிறோம். உணவிற் கொழுப்பின் வறுமை தோட்டத் தமிழனுக்கு மட்டும் உரியதன்று. அவனைக் குடியேற்றிய அதே முதல், அவன் அயலானாகிய சிங்கள விவசாயியின் பாற்கலத்தையும் கவிழ்த்தது. இனவாத வரலாற்றெழுத்து இரு சாராரையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் இடத்தில், உணவின் வரலாறு அவர்களை ஒரே பந்தியில் அமர்த்துகின்றது.

தோட்டத்தின் உணவு முறை தனித்தன்மை வாய்ந்தது. கங்காணி கொடுத்த முற்பணத்தால் தொடங்கிய கடன், ‘துண்டு’ என்னும் சீட்டு வடிவில் தொழிலாளியோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அரிசி போடும் முறை நீடித்தது. தோட்டமே அரிசியை இறக்குமதியாளரிடம் வாங்கி, குறித்த நாளில் குறித்த அளவில் அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியோடு அரிசியின் விலையையும் பிணைத்து இம்முறையை ஒழுங்குபடுத்தியது. உழைப்பாளி மறுவேளைக்குப் பிரட்டுக்களத்திற்கு வரப் போதுமானது, ஊரைவிட்டு அகலப் போதாதது என்னும் அளவே முதலாளியத்தின் கணக்கு. அரிசியில் விற்றமின் ஏ இல்லை. தவிடு நீக்கினும் நீக்காவிடினும் இல்லை. உடன் சென்ற பருப்பு, மிளகாய், கருவாடு ஆகியவற்றிற் கொழுப்பு அரிது. தேங்காயெண்ணெயிலும் இவ்வுயிர்ச்சத்து இல்லை. எனினும் கீரையின் கரோட்டினைக் குடல் உறிஞ்சுதற்கு வேண்டிய கொழுப்பினை அது தரும். கைக்காசுக்கு வாங்க வேண்டியிருந்தமையால் அதுவும் சொட்டுக் கணக்கிலேயே அடுப்பேறியது. லயத்தின் பின்புறம் தொழிலாளர் வளர்த்த பசுவின் பாலிற் பெரும்பகுதி தேநீர்க் கடைக்கும் பட்டணத்துக்கும் சென்றது. கடன் அடைக்க விற்கும் பாலைக் குழந்தைக்குக் கொடுத்தல் எங்ஙனம்?

இந்நிலைக்கு ஒப்பானதொன்றை எவரும் எதிர்பாராத இடத்திற் காண்கிறோம். முதலாம் உலகப் போர்க்காலத்து டென்மார்க் உலகின் பெரும் வெண்ணெய் ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று. அந்நாட்டு ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைத்தவை கொழுப்பு நீக்கிய பாலும் தாவரக் கொழுப்பாலான மாஜரினுமே. அவர்களிடையே கண்வறட்சி நோய் பெருகியதைக் குழந்தை மருத்துவர் கார்ல் புளொக் பதிவுசெய்தார். 1917இன் இறுதியில் கடல் முற்றுகையால் ஏற்றுமதி தடைப்பட்டு வெண்ணெய் பங்கீட்டில் வழங்கப்பட, 1918இல் அந்நோய் ஏறத்தாழ மறைந்தது. அக்குழந்தைகளுக்கு எவரும் உறைமாத்திரை கொடுக்கவில்லை. கப்பலேறிய வெண்ணெய் ஊரில் நின்றது, அவ்வளவே. ஏற்றுமதிப் பயிர் ஊரின் உணவைத் தின்னும் என்பதற்கு இதனினும் தெளிந்த சோதனையை ஆய்வுகூடத்தில் அமைத்தல் அரிது.

இலங்கையிற் குடியேற்ற ஆட்சி 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தால் தோட்ட மருத்துவத்தை ஒழுங்குபடுத்தியது. ஆயின் உணவுக் குறையை நோயெனக் காண மேலும் அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. கொழும்பு நுண்ணுயிரியல் நிறுவகத்தின் பணிப்பாளராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ், தேரையின் தோல்போல் மனிதத்தோல் சொரசொரப்படையும் நிலையை 1933இல் விவரித்து, அது உயிர்ச்சத்துக் குறையால் விளைவதெனக் கூறினார். 1938இல் வெப்பநாட்டுப் போசாக்குப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. நீலகிரித் தேயிலை மலைகளின் நடுவே குன்னூரில் மக்கரிசன் தொடங்கி ஏக்றொயிட் தொடர்ந்த ஆய்வுகூடமும் அக்காலத்திலேயே தென்னிந்திய உணவுகளைப் பகுத்தாய்ந்தது. இவ்விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. உணவில் என்ன குறை என்பதை அவர்கள் துல்லியமாக அளந்தனர். கூலியில் என்ன குறை என்பது அவர்களின் அளவுகோலுக்கு அப்பாற்பட்டிருந்தது.

இவ்வெல்லையை முதலிற் கடந்தவர்கள் இடதுசாரிகளே. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தபோது, சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்றனர். கொய்னா மட்டும் போதாது, மக்கள் உணவின்றி இருக்கின்றனர் என்பதைக் கண்டு பருப்பும் அரிசியும் வழங்கினர். என். எம். பெரேரா ‘பருப்பு மாத்தயா’ எனப் பெயர்பெற்றது அப்பொழுதே. மார்மைற் என்னும் நொதியச் சாற்றை நாட்டு வைத்தியரின் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தமையும் நினைவுகூரத்தக்கது. அதிலடங்கியது நீரிற் கரையும் பீ வகை உயிர்ச்சத்தேயாகும். நம் பொருளோ கொழுப்பிற் கரைவது. ஆயினும் உயிர்ச்சத்தைக் குளிகையாக்குதலும் அக்குளிகை ஏன் வேண்டியதாயிற்று எனக் கேட்டலும் ஒரே கையால் நிகழ்ந்தன என்பது மனங்கொளத்தக்கது. பிற்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்தன.

பிரிவினை நிகழ்த்தியது தொழிற்சாலை. 1947இல் சுவிற்சர்லாந்தின் ஹொஃப்மன் லா றோஷ் நிறுவனத்தில் இஸ்லர் குழுவினர் விற்றமின் ஏயைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டனர். மீனீரலைச் சார்ந்திருந்த பொருள் இரசாயனக் கலங்களில் மலிவாக உருவாகத் தொடங்கியது. அதனை ஜெலற்றினும் வெல்லமும் சேர்ந்த நுண்மணிகளுள் அடைத்து மாவாக்கினர். கால்நடைத் தீனியிலும் மாஜரினிலும் பாற்பொடியிலும் அது கலந்தது. 1970களில் குவாத்தமாலாவில் சீனியோடு சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் எம்மை நிறுத்தி வைக்கும் ஒன்றுண்டு: தேயிலை. 1970களின் தொடக்கத்தில் தேயிலைத் தூளோடு விற்றமின் ஏயைச் சேர்க்கும் முறை ஆராயப்பட்டது. ஏழைகள் நாள்தோறும் அருந்துவது தேநீர் ஆதலின் அதுவே தக்க ஊர்தி என்பது வாதம். கொழுந்து பறித்தவளின் குருதியிற் குறைவது, அவள் பறித்த கொழுந்தின் வழியே அவளை வந்தடையும் என்னும் இத்திட்டத்தை எழுத்தாளன் ஒருவன் கற்பித்திருந்தால் மிகையெனச் சொல்லியிருப்போம்.

அதே ஆண்டுகளில் மாத்தளைத் தோட்டங்களில் நிகழ்ந்ததை நோக்குவோம். உலகச் சந்தையில் அரிசி, கோதுமை விலைகள் ஏற, 1973இல் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. சொந்த நிலமற்ற தோட்டத் தொழிலாளருக்கு மாற்று வழி இல்லை. 1974இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளினும் கூர்மையாக உயர்ந்தது. 1972இலும் 1975இலும் இயற்றப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. முற்போக்கு இயக்கம் நெடுங்காலம் கோரிய நடவடிக்கை அது. ஆயினும் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் உசவசம முதலிய அமைப்புகளிடம் தோட்டங்கள் கையளிக்கப்பட்டபோது, அங்கு உழைத்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையும் லயமும் இழந்து தெருவுக்கு வந்தனர். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தோர் பலர். நிலம் தேசத்துக்கு உரியதானபோது தேசத்துள் யார் அடங்குவர் என்னும் வினா பட்டினியின் வடிவிலேயே விடை பெற்றது. இடதுசாரிக் கட்சிகள் அன்று அரசில் அமர்ந்திருந்தன என்பதை மறைத்துச் செல்வது எம் போன்றோர்க்கு அழகன்று.

1973இலேயே த்ரிபோஷ தோன்றியது. சோளம், சோயா ஆகியவற்றோடு உயிர்ச்சத்துக்களும் தாதுக்களும் சேர்ந்த அம்மாவினைக் கெயார் நிறுவனத்தின் துணையோடு சுகாதார அமைச்சு தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கியது. அமெரிக்க வேளாண்மையின் உபரித் தானியம் அதன் முதல் மூலதனம் என்பதை மறத்தலாகாது. அதனை உண்டு தேறிய குழந்தைகளையும் மறத்தலாகாது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரளவு விற்றமின் ஏ உறைமாத்திரைகள் நாடெங்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படலாயின. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் சோளம் முதலியன கிடையாமல் த்ரிபோஷ உற்பத்தி தடைப்பட்டபோது, எவர் வீட்டு அடுப்பு முதலில் அதனை உணர்ந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பேரளவு மாத்திரை பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 2011இல் உலகச் சுகாதார நிறுவனம் விதந்துரைத்த அளவு, 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு 1 இலட்சம் சர்வதேச அலகுகள். 1 முதல் 5 வயதுக்குட்பட்டோருக்கு 4 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை 2 இலட்சம். ஈரல் இதனைத் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாக வெளியிடும் என்பது கருதுகோள். உடலே இங்குக் களி, ஈரலே உறை. இந்தியா 1970இல் இம்முறையைத் தேசியத் திட்டமாக்கியது. ஆயின் 1990இல் வெளியான இரு ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஐதராபாத்திற் போசாக்கு நிறுவகத்தார் ஆறு மாதங்களுக்கொரு முறை பேரளவு கொடுத்ததில் இறப்புக் குறையவில்லை. தமிழகத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்தோர் 15,419 குழந்தைகளை ஆய்ந்து, வாரந்தோறும் 8,333 அலகு என்னும் சிறிய அளவினைக் கொடுத்ததில் இறப்பு 54 வீதத்தால் குறைந்தது. இயல்பான உணவில் கிடைக்கத்தக்க அளவே இரண்டாவது ஆய்வின் அளவு என்பதை ஊன்றி நோக்குக. உத்தரப் பிரதேசத்தில் 10 இலட்சம் குழந்தைகளைத் தழுவி நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வு, பேரளவு மாத்திரையால் இறப்பு வீதத்திற் புறக்கணிக்கத்தக்க மாற்றத்தையே கண்டது. பேரளவு முறையை ஆராய்ந்து முன்வைத்தோருள் ஒருவரான சி. கோபாலனே பிற்காலத்தில் அது உணவுக்கு மாற்றாக நிலைபெறுவதை வன்மையாக எதிர்த்தார்.

ஈரலின் பூட்டைப் பற்றிய ஒரு செய்தி இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை என நாம் கருதுகிறோம். ஈரலிற் சேர்ந்த விற்றமின் ஏ தானாகக் குருதிக்கு வருவதில்லை. அதனைச் சுமந்து செல்ல ஒரு தனிப் புரதம் வேண்டும். அப்புரதம் 1968இல் இனங்காணப்பட்டது. உணவிற் புரதம் போதாதவிடத்து ஈரல் அதனைப் போதிய அளவு ஆக்காது. உயிர்ச்சத்து உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். தொழில்நுட்பம் முதற் பூட்டைத் திறந்தது: மாவிற் கெடாது காத்தது. இரண்டாம் பூட்டைத் திறந்தது: குடலில் உரிய இடத்தில் விடுவித்தது. மூன்றாம் பூட்டின் திறவுகோல் பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கின்றது. அதனை எந்த அல்ஜினேற்று மணியும் தன்னுள் அடக்கி வருவதில்லை. அது நாட்கூலியின் அளவினது. தோட்டத் தொழிலாளியின் குடும்பத்திற்கு நிலமுண்டா என்பதன் அளவினது.

இவ்விடத்து இரு தவறான முடிபுகளை விலக்குதல் வேண்டும். ஒன்று, அண்மைக் காலமாக நம்மிடையே செல்வாக்குப் பெறும் பழமைப் பெருமிதம். முருங்கையும் பொன்னாங்கண்ணியும் அகத்தியும் இருக்க மாத்திரை எதற்கு என்பது அதன் வாதம். கீரையின் கரோட்டின் 6 பங்கு விற்றமின் 1 பங்குக்கு ஈடென முன்னர்க் கணித்திருந்தனர். 2001இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் அதனை 12 பங்கு எனத் திருத்தியது. கொழுப்பின்றிச் சமைத்த கீரையில் உடல் பெறுவது இதனினும் குறைவு. குழந்தை தன் சிறு வயிற்றால் அவ்வளவு கீரையை உண்ணல் எளிதன்று. மேலும், அம்முருங்கை எங்கே நடப்படும்? லயத்து வாசலிலிருந்து தேயிலை தொடங்கும் இடத்தில் மரபின் பெருமை பேசுவது, நிலப் பிரச்சினையைக் கீரைப் பிரச்சினையாக்குவதாகும்.

மற்றையது தொழில்நுட்ப வழிபாடு. களியின் நுட்பம் மனித உழைப்பின் அரிய பேறு. அதனை ஐயுற எமக்குக் காரணமில்லை. ஆனால் அது யார் கையில் இருந்தது? 1999இல் ஐக்கிய அமெரிக்காவில் றோஷ் நிறுவனம் 50 கோடி டொலரும் பாஸ்ஃப் நிறுவனம் 22.5 கோடி டொலரும் தண்டமாகச் செலுத்த உடன்பட்டன. விற்றமின் ஏ, ஈ முதலியவற்றின் விலையையும் சந்தைப் பங்கையும் 1990 முதல் தமக்குள் பேசி வரையறுத்தமையே குற்றம். பட்டினிக் குழந்தைகளின் மாவிற் சேரும் உயிர்ச்சத்தின் விலையும் அக்கூட்டுச் சதியின் நிழலிலேயே நின்றது. குடலிற் களி விடுவிப்பதை விஞ்ஞானி கட்டுப்படுத்துகிறான். சந்தையில் அக்களி விடுவிக்கப்படுவதைக் கட்டுப்படுத்துபவன் வேறொருவன். தோட்டத்தில் அரிசி அளந்தவனும் இவனும் ஒரே குலத்தவர்.

1992இற்குப் பின் பெருந்தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. மாத்தளை, கண்டிப் பகுதிகளில் எல்கடுவ போன்ற சில அரசிடமே எஞ்சின. உடைமை எவ்வாறு மாறினும், பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் குழந்தையை விட்டுவிட்டு மலையேறும் தாயின் நாள் அதிகம் மாறவில்லை. குழந்தையின் சுகாதார அட்டையில் மாத்திரை கொடுத்த திகதிகள் பதிவாகின்றன. அன்று அக்குழந்தையின் கஞ்சியில் எண்ணெயோ பருப்போ இருந்ததா என எழுத அவ்வட்டையில் இடமில்லை.

அதனை எழுதிவைத்த ஏடுகள் வேறிடத்தில் உள்ளன. தோட்டக் காரியாலயங்களின் அரிசிப் பேரேடுகள், செக்றோல் புத்தகங்கள், தோட்ட மருந்தகங்களின் நோயாளர் பதிவுகள் ஆகியன உக்கிப் போகுமுன் இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவப் பகுதிகளிலிருந்தேனும் திரட்டப்பெறல் வேண்டும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் பிள்ளைக் காம்பராக்களிற் கஞ்சி காய்ச்சிய பெண்களுட் சிலரேனும் இன்னும் வாழ்கின்றனர். அப்பானையில் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு விழுந்தது என்பதை அவர்களிடம் கேட்டெழுதும் பணியை எமது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம். அவர்களுட் பலர் அம்மலைகளிலிருந்து வந்தவர்களே.